புள்ளி இல்லாத மான்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு மான் நிற்கிறது,
மீன்பிடிச் சங்கத்துக் கலண்டருக்குப் பக்கத்தில்,
சோற்றுப் பசையில் ஒட்டிய பச்சைத் தாளில்.
தனுஷியா இரண்டாம் வகுப்பில் கீறியது.
கொம்பு உண்டு, குட்டி வால் உண்டு,
வாயில் சொப்பிங் பையும் உண்டு, எங்கள் ஊர் மான்தானே.
புள்ளி மட்டும் இல்லை.

"மறந்திட்டியா மகள்?" என்றேன்.
"என்னத்தை?" என்றாள்.
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நான் திருக்கடலூர்க்காரன்.
தூரத்தில் குருவி தாழ்ந்தால்
கீழே சூரை ஓடுகிறது என்பேன்.
பருந்துக் கண்ணடா உனக்கு என்பார்கள் கரையில்.
அது என் பிள்ளைக்கும் இருக்கும் என்று
காணி உறுதியைப்போல நம்பியிருந்தேன்.

புத்தகத்தை மூக்கால் படித்தாள். படிப்பில் ஆசை என்றோம்.
டிவியை மறித்துக்கொண்டு நின்றாள். அடம் என்றோம்.
தலையிடி என்றாள். கோடாலித் தைலம் பூசினோம்.
கரும்பலகையில் இருந்த எட்டு
அவள் கொப்பியில் மூன்றாய் வந்து சேர்ந்தது.
கவனயீனம் என்று ரிப்போட்டில் எழுதினா டீச்சர்.
கீழே கையெழுத்துப் போட்டவன் நான்.

முதலாம் வகுப்பிலேயே சோதித்தார்கள்தான்.
வரிசையில் இவளுக்கு முன்னால் பதினொரு பிள்ளைகள்
மேலே, வலது, கீழே, கீழே, இடது
என்று சொல்லச் சொல்ல,
வாய்ப்பாடுபோலப் பாடமாக்கிவிட்டாள்.
எல்லாம் சரி என்று அட்டையில் விழுந்தது.

நாலாம் வகுப்பில் வேறொரு பி.எச்.ஐ. வந்தார்.
அட்டையைத் தலைகீழாய்ப் பிடித்தார்.
தனுஷியா அதே பாட்டை ஒப்புவித்தாள்.
அவர் பேனையைக் கீழே வைத்தார்.

பெரியாஸ்பத்திரி, கண் கிளினிக், இருட்டறை.
"வலது கண் கண்ணாடியோட சரிவரும்.
இடது கண்..."
டொக்டர் மிஸ் கொஞ்சம் நிறுத்தினா.
"அது பார்க்கப் பழகவே இல்லை, ஐயா.
மூளை அதைக் கூப்பிடுறதை விட்டிட்டுது.
நாலு வயசில வந்திருந்தா லேசு.
இப்பவும் பார்ப்பம்."

"அவள் ஒண்டும் சொல்லேல்லையே மிஸ்."

"எப்பிடிச் சொல்லுவா?
எல்லாருக்கும் இப்பிடித்தான் தெரியுது எண்டு
நினைச்சிருப்பா."

கண்ணாடி வாங்கிய அன்று கோட்டை வாசலால் வந்தோம்.
ஓட்டோ நிற்குமுன்னே கத்தினாள்:
"அப்பா, மானுக்கு ஏதோ வருத்தம்!
உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையா!"

ஓட்டோக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.
நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தம்பி கபிலாஷுக்கு மூன்றரை வயது.
ஒரு குறையும் தெரியவில்லை.
அதனாலேயே கூட்டிக்கொண்டு போனேன்.
நூறு மணித்தியாலத்துக்கொருக்கா
எஞ்சினுக்கு ஒயில் மாற்றுகிறவன் நான்.
நடுக்கடலில் நின்றபிறகா மாற்றுகிறேன்?
வீடு, குடை, மீன் என்று படம் காட்டினார்கள்.
மீனைக் கண்டதும் என்ன மீன் என்று
திருப்பிக் கேட்டான், என் மகன்.
கண் நல்லம், ஆனால் அடுத்த வருசமும் வாங்கோ என்றார்கள்.
கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

பின்னேரங்களில் இரண்டு மணித்தியாலம்
தனுஷியாவின் வலது கண்ணில் பிளாஸ்டர்.
சோம்பேறிக் கண்ணுக்கு நுணுக்கமாய்
வேலை கொடுக்கச் சொல்லியிருக்கிறா மிஸ்.
முதல் நாள் கதவில் முட்டினாள். அழுதாள்.
பள்ளிக்கூடத்தில் ஒற்றைக்கண்ணி என்றார்களாம்.
மூன்றாம் நாள் ஸ்டூல் இழுத்துப் போட்டு ஏறி
டிப்பெக்ஸ் போத்தலோடு சுவருக்கு முன் நின்றாள்.

ஒரு நாளைக்கு ஐந்து புள்ளி.
சில மானில் விழுகின்றன.
நிறையப் புல்லில்.
ஒன்று கலண்டரில்,
அடுத்த கிளினிக் திகதிக்கு
ஒரு விரல் தள்ளி.