காணாக்கடி

முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை
பால்பாயிண்ட் பேனாவால் எண் எழுதுவது என் வேலை.
ஒன்று, உப்புத் தண்ணீர்.
ஒன்றும் செய்யாமலிருக்கவே அதற்குச் சம்பளம்.
இரண்டு தூசிச் சிற்றுண்ணி. மூன்று கரப்பான்.
நான்கு பார்த்தீனியம்;
இந்த ஊரில் காங்கிரஸ் புல் என்றால்தான் தலையாட்டுவார்கள்.
பிறகு மரம், புல், பூஞ்சை, நாய், பூனை.
பன்னிரண்டாவது சொட்டு ஹிஸ்டமின்.

எங்கள் ஆய்வில் பொய் சொல்லாத சொட்டு அது.
ஒருவர் தோல் எதற்குக் கோபித்துக்கொள்ளும் என்று
எனக்குத் தெரியாது.
கோபிக்கத் தெரிந்த தோல்தானா என்று
பன்னிரண்டு சொல்லிவிடும்.
குத்தி, ஒற்றி, பதினைந்து நிமிடம் காத்திருந்தால்
கொசு கடித்ததுபோல் ஒரு மேடு,
சுற்றிலும் சிவப்பு.
எல்லாருக்கும் எழும்.
எம்.எல்.ஏ.வின் மைத்துனருக்கு எழுந்தது.
கைக்குழந்தையோடு வந்த நேபாளிப் பெண்ணுக்கு எழுந்தது.

யஷ்வந்த்பூரில் இரண்டாம் மாடி.
கீழே தபேபுயா பூத்தால்
தெருவே நின்று படம் எடுக்கும்.
ரோஜா நிறப் பூக்கள் நிரபராதிகள்.
மூக்குக்குள் ஏறுவது
அவர்கள் செருப்புக் காலுக்கடியில்
யாரும் படம் எடுக்காத செடி.

அமலோற்பவம், நாற்பத்தொன்று, லிங்கராஜபுரம்.
தொழில் என்ற கோட்டில்
'ராத்திரி' என்று எழுதியிருந்தார்.
பையப்பனஹள்ளி டிப்போவில் மெட்ரோப் பெட்டி கழுவுகிறார்,
கடைசி வண்டி அடைந்ததிலிருந்து
முதல் வண்டி கிளம்பும்வரை.
சோப்புப் பவுடரில் விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.
'அப்பப்ப காணாக்கடி மாதிரி தடிக்குது மேடம்,
எது கடிச்சதுன்னு தெரியல.'
அதைக் கண்டுபிடிக்கத்தான்
மூன்று வருட நிதி வாங்கியிருக்கிறோம்.

பதினைந்து நிமிடம்.
ஸ்கேலோடு குனிந்தேன்.
மேடே இல்லை.
நான்கில் இல்லை, ஒன்பதில் இல்லை,
பன்னிரண்டிலும் இல்லை.
புட்டியின் தேதியைப் பார்த்தேன்.
என் கையில் ஒரு சொட்டு வைத்துக் குத்திக்கொண்டேன்.
ஏழு மில்லிமீட்டர். சொறியச் சொறிய இனித்தது.

'அலர்ஜிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?'
'இல்லையே. படிவத்திலேயே இல்லைன்னு போட்டிருக்கேன்.'
கைப்பைக்குள் தேடி
பாதி தீர்ந்த அட்டையை எடுத்தார்.
குட்டி மஞ்சள் மாத்திரை,
எந்த மருந்துக் கடையிலும் சில்லறைக்குப் பதில் தருவார்கள்.
'இது தூக்கத்துக்கு.
காலைல எட்டு மணிக்குப் படுத்தா
மேல் வீட்டில மிக்ஸி, கீழ வீட்டில டிரில்லிங்.'

தோலைத் தடிக்க வைப்பதும்
வயிற்றில் அமிலம் சுரக்கச் சொல்வதும்
கெட்டுப்போன அயிலை மீனில் முகத்தைச் சிவக்க வைப்பதும்
மூளையின் அடித்தளத்தில் உட்கார்ந்து
விழித்திரு, விழித்திரு என்பதும்
அதே ஹிஸ்டமின்தான்.
அங்கே அறுபதாயிரத்துச் சொச்சம் செல்கள்,
இரண்டு வார்டு ஜனம்.
அவை பேசினால் மொத்த மூளையும் எழுந்து உட்காரும்;
அவை வாயை மூடினால்தான் தூக்கம்.
மஞ்சள் மாத்திரை
தோலின் கதவை மட்டும் சாத்தத் தெரியாத பழைய மருந்து.
ரத்தத்தோடு மேலேறி
அந்த வீட்டையும் பூட்டிவிட்டு வரும்.
இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை.
பொருளை அறியாமலே
இரண்டு வருடமாகச் சரியாகப் பயன்படுத்தி வருகிறவரிடம்
என்ன சொல்ல?

'ஏழு நாள் நிறுத்திட்டு வாங்க' என்றேன்.
விதிமுறை அப்படி.
சிரித்துவிட்டார்.
'ஏழு பகல் தூங்காம இருந்தா
ஏழு ராத்திரி பெட்டியை யார் கழுவறது?
நீங்களும் அதுலதானே வர்றீங்க.'

ஆமாம். ஏழு பத்து வண்டி.
இருக்கையில் சில நாள் ஈரம் இருக்கும்;
கைக்குட்டை விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.

கணினியில் அவர் வரிசைக்கு நேரே
'நீக்கப்பட்டவர்' என்று அழுத்தினேன்.
காரணத்துக்கு நான்கு தேர்வுகள்.
மருந்து என்பதைத் தொட்டேன், உண்மைதான்.
அது போதவில்லை.
ஐந்தாவது இல்லை.

எண்களைத் துடைக்க ஸ்பிரிட் பஞ்சை எடுத்தபோது
கையை இழுத்துக்கொண்டார்.
ஒன்று முதல் பன்னிரண்டு வரை
நீல மையில், எந்த மேடும் இல்லாமல்.
'விடுங்க மேடம்,
பெட்டி கழுவறப்ப போயிடும்.'