மழையில் போனது

விறகுக் கடைக்கு மென்பொருள் எதற்கு என்று
முதலில் சிரித்தவன் என் தம்பி.
சந்தியாகோவிலிருந்து வந்த விற்பனைக்காரர்
சிரிக்கவில்லை, மாதச் சந்தாவைச் சொன்னார்.
அந்தப் பணத்துக்கு
இரண்டு கனமீட்டர் காய்ந்த உல்மோ வரும்.
அவருடைய திரையில் ‘அளவு’ என்ற பெட்டிக்குள்
சட்டைகளின் அளவு இருந்தது: சிறியது, நடுத்தரம், பெரியது.
ஈரம் எழுத இடம் இல்லை.

வால்திவியாவில்
ஈரம் எழுத இடமில்லாத கணக்கு
என்ன கணக்கு?

நானே எழுத உட்கார்ந்தேன்.
நாற்பத்தொன்பது வயதில், கடை மூடிய பிறகு,
அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
பட்டைத் தூசி படிந்த விரல்
அடைப்புக்குறியைத் திறக்கும், மூட மறக்கும்.
ஒரு காற்புள்ளிக்காக மூன்று ராத்திரி.
தவறு முப்பத்தேழாம் வரியில் என்று அது சொல்லும்;
தவறு எப்போதும் முப்பத்தாறில்.
மணவிலக்கு வாங்கியவளுக்கு
இதைப் புரிந்துகொள்ள வகுப்பு தேவைப்படவில்லை.

ஜூனுக்குள் எல்லாம் உள்ளே வந்துவிட்டது.
எந்த அடுக்கு எந்த மாதம் வெட்டியது,
ஈரமானி இருபத்தைந்தைத் தாண்டினால்
விற்கவிடாமல் பூட்டிக்கொள்ளும் ஒரு பொத்தான்,
கடன் நிற்பவர்களின் பட்டியல், சிவப்பில்.
சிவப்பானவர்களுக்கு வண்டி போகாது.
அந்த விதியும் நான் எழுதியதுதான்.
இரண்டே வரி. எழுதும்போது கை நடுங்கவில்லை.

பிறகு கணக்கு உதைத்தது.

வாரத்துக்கு ஒரு மூட்டை.
ஏற்றியது நாற்பது, இறக்கியது முப்பத்தொன்பது.
வியாழக்கிழமை மட்டும். மூன்றாம் தடத்தில் மட்டும்.
வகுத்தலில் எங்கோ தசமம் சொட்டுகிறது என்று
ஒழுகும் கூரையைப் பார்ப்பதுபோல
ஒவ்வொரு வரியாக அண்ணாந்து பார்த்தேன்.
முழுவதையும் கலைத்துப் போட்டு மறுபடி எழுதினேன்.
மறுபடி முப்பத்தொன்பது.
இவ்வளவு ஒழுங்காக ஒழுகுகிற ஓட்டையை
நான் பார்த்ததில்லை.

அடுத்த வியாழன் வண்டியில் நானும் ஏறினேன்.
அனிசெத்தோ ஏன் என்று கேட்கவில்லை.
பதினோரு வருடமாகப் பேசாத மாதிரியே
அன்றும் பேசாமல் ஓட்டினான்.
துடைப்பான் மட்டும் முனகிக்கொண்டு வந்தது.
பாலம் தாண்டி, ஏற்றத்தில்
அவன் கால் தானாகத் தளர்ந்தது.

ஒரு தகர வீடு.
வாசலில் பிளாஸ்டிக் தாள் விரித்து
காலியாக வைத்திருந்த ஓர் இடம்,
சரியாக ஒரு மூட்டை அகலம்.
ஜன்னலில் செனோபியா அகீலா.
சிவப்புப் பட்டியலில் நான்காம் பெயர்,
ஏப்ரலில் பூட்டியது.
என்னைக் கண்டதும் திரைச்சீலையை இழுத்தாள்.

அனிசெத்தோ எஞ்சினை அணைக்கவில்லை,
இறங்கவும் இல்லை.
இத்தனை வாரம் தன்னிடம் வைத்திருந்ததை
என் பக்கமாக நகர்த்திவிட்டு
சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூட்டை முப்பது கிலோ. தூக்கினேன்.
நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம்;
கழுத்து வழியே மழை இறங்க இறங்க
திட்டிக்கொண்டேதான் தூக்கினேன்
அவளை, அவனை,
அந்த இரண்டு வரியை எழுதியவளை.

அன்று ராத்திரி ஒரு புதிய கட்டம் சேர்த்தேன்.
‘தானம்’ என்று பெயர் வைத்து அழித்தேன்.
அவள் கேட்காததை
அவள் பெயருக்கு எதிரே எழுதக் கூடாது.
‘திருட்டு’ என்று வைத்தேன்,
பதினோரு வருடம் நினைவுக்கு வந்தது, அழித்தேன்.
கடைசியில் ‘மழையில் போனது’.
வரி அதிகாரி கேட்டால் நம்பிவிடுவார்.
இந்த ஊரில் மழையில் போகாதது எது?

இப்போது கணக்கு நேராக நிற்கிறது.
சிவப்பு விதியை எடுக்கவில்லை,
எடுத்தால் கடை நிற்காது.
அதன் தலைமேல் ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது,
இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போகும்படி
முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு:

// வியாழன். மூன்றாம் தடம். கையால்.