ஆரஞ்சுக் கூம்பு

மாதத்தின் இரண்டாம் வியாழன்,
பார்னு ஊரின் கடலோர வண்டி நிறுத்தம்.
கோடையில் இங்கே ஓரிடம் பிடிக்க அடிதடி.
பிப்ரவரியில்
கடலே கட்டியாகிப் படுத்திருக்க
ஆறு வண்டிகளும் ஆறு பேரும்
ஒற்றை விளக்குக் கம்பத்தடியில்
மூக்கொழுக நிற்கிறோம்.

முதல் அரைமணி நேரம் துருவுக்கு.
சாலையில் தூவிய உப்பு
யாருடையதில் எவ்வளவு தின்றதென்று
ஆஸ்பத்திரியில் நலம் விசாரிப்பதுபோல
தணிந்த குரலில் கேட்டுக்கொள்வோம்.

"சக்கரத்துக்கு மேல விரல் போகுது" என்றான் ஊர்மாஸ்.
"விரல்தானே?
போன வாரம் என் பையன்
கையை விட்டுப் பந்தை எடுத்தான்" என்றாள் மெரிக்கெ.
அவளுடைய மாஸ்க்விச்சின் அடியில்
டார்ச்சோடு எல்லோரும் குனிந்தோம்.
உள்ளே இன்னொரு பந்து இருந்தது.

கைடோவின் வால்வோ மீட்டர்
எட்டு வருடமாக ஒரே எண்ணில் நிற்கிறது.
"என் வண்டிக்கு வயசே ஏறாது" என்பான்.
"அதுக்கும் சேர்த்து உனக்கு ஏறுதே" என்பாள் மெரிக்கெ.
போன மாதமும் இதையே சொன்னாள்,
போன மாதமும் சிரித்தோம்.

என் ஸாப் கிளம்பும்போது வரும் சத்தத்தை
நான் உறுமல் என்கிறேன்.
இருமல் என்பது சபையின் தீர்ப்பு.
மேல்முறையீடு
நாலு வருடமாக நிலுவையில்.

எனக்கும் வால்வோவுக்கும் நடுவே ஓரிடம் காலி.
அங்கே வழக்கம்போல
ஆரஞ்சுக் கூம்பை வைத்துவிட்டான் ஊர்மாஸ்.
லெம்பித்தின் இடம்.
கடுகு நிற ஜிகுலியைச் சனிக்கிழமை
வால்கா பக்கத்துப் பையனொருவனுக்கு விற்றுவிட்டு
ஒழுகும் வீட்டுக்குத் தகரம் வாங்கிப் போட்டிருக்கிறான்.
துருப்பிடிக்காத தகரமாம்.
கூம்பை ஏன் வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை.
வழக்கமென்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஏழு ஐம்பது பேருந்து
ஒரே ஒருவனை இறக்கிவிட்டுப் போனது.
கையில் பிளாஸ்க்,
காதை மூடிய குல்லாய்.
வெள்ளைக் கோட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்,
சீட்டு வாங்காமல் வந்தவன்போல.
பேச்சு நின்றுபோனது.
பனி விழுவது கேட்கும் என்பார்கள்.
கேட்காது. நான் கேட்டுப் பார்த்தேன்.

மெரிக்கெதான் போய்க் கூம்பைத் தூக்கினாள்.
"பின்னால வா" என்றாள்.
அவன் விழித்தான்.
"பின்னால. இன்னும். இடது பக்கம் ஒடி.
ஸாப்பை இடிச்சிராதே, ஏற்கெனவே சீக்காளி."
லெம்பித் மெல்லத் திரும்பி
ஒரு கையை மடக்கி மடக்கி இண்டிகேட்டர் போட்டு
பின்புறமாகவே நடந்து வந்து
இரண்டு கோடுகளுக்கு நடுவே
அச்சு அசலாக நின்றான்.

பிறகென்ன, ஆளைச் சுற்றிக் கூட்டம்.
பூட்ஸை உதைத்துப் பார்த்த கைடோ
"முன் டயர் வழுக்கை" என்றான்.
மூக்கில் டார்ச் அடித்த ஊர்மாஸ்
"ஆயில் கசியுது" என்றான்.
"குளிர்ல கிளம்புமா?" என்றேன் நான்.
"நாலாவது உதைக்குக் கிளம்பும்" என்றான் அவன்,
"ஆனா உதைக்கிறது என் பெண்டாட்டியா இருக்கணும்."

ஒன்பது மணிக்குக் கலைந்தோம்.
அவனை யார் கொண்டுவிடுவது?
மாஸ்க்விச்சின் முன்சீட்டில் கியர் பெட்டி,
வால்வோவில் அந்தப் பக்கக் கதவு திறக்காது.
ஆளாளுக்கு ஒரு காரணம்;
என் முறை வந்தது.
சாவியைத் திருப்பினேன்.
மறுபடியும் திருப்பினேன்.
ஒரு வார்த்தை பேசாமல் லெம்பித் இறங்கி
பின்பக்கம் போய்த் தோள் கொடுத்தான்.
"பஸ்ஸே தேவலை" என்பது மட்டும்
கண்ணாடி வழியே கேட்டது.

கடற்கரைச் சாலையின் இரண்டாவது விளக்கருகே
உயிர் வந்தது.
மூச்சிரைக்க ஓடி வந்து ஏறினான்,
கதவை அடித்துச் சாத்தினான்,
குல்லாயைக் கழற்றி
ஒரு காதைச் சாய்த்துக் கேட்டான்.

"உறுமல்தான்" என்றான்.

வீடு வரும்வரை நாங்கள்
வேறொன்றும் பேசவில்லை.