பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல்.
துவாய் இருநூறு,
மூலைக்கு மூலை இரண்டு எழுத்து.
கையால் தைத்தால்
அடுத்த பெரிய வெள்ளிக்குத்தான் முடியும்.
அவர்கள் கேட்டது மாதக் கடைசி.

அதனால் மெஷின்.

ஓட்டோவை வித்தா
பன்னிரண்டு ஊசி உள்ளதையே வாங்கலாம்
என்றான் மரியநேசன்.
பகிடிதான்.
ஆனால் அன்றிரவு ஓட்டோவைத் துடைத்துக்கொண்டு
நெடுநேரம் வாசலில் நின்றான்.

கல்முனை பஸ்.
கல்லடிப் பாலத்தில்
முன் சீற்றுப் பெடியன் தொப்பியில்
ஏதோ ஒரு அணியின் எழுத்து.
கழற்றிப் புரட்டிப் பார்க்கக் கை துடித்தது.
எல்லாரும் எழுத்தின் முகத்தைப் பார்ப்பார்கள்.
எனக்கு அதன் முதுகு வேண்டும்:
நூல் பிதுங்கியிருக்கிறதா,
அடித்தாள் கிழிந்திருக்கிறதா.

கடையில் றிபாஸ்.
புதுசு, வெள்ளை, கலர் ஸ்கிரீன்.
நாலு இஞ்சி வளையம்,
நூலைத் தானே வெட்டும்,
இங்கிலிஷ் எழுத்து பதினொரு விதம்.
"தமிழ்?"
"தமிழ் உள்ளுக்க இல்லக்கா.
படமா வரைஞ்சு பென்ட்ரைவ்ல போட்டாத் தைக்கும்."

ரோசாப்பூ, பூனைக்குட்டி,
கப்பல், என்ட பேர்,
எல்லாம் ஒரே வரிசை.

பிறகு அவனே தேடி எடுத்தான்,
மருதமுனையில் யாரோ வரைந்து வைத்த
இருநூற்று நாற்பத்தேழு படங்களை.
"எது போட?"
"ஞ."

அடையாள அட்டையில் முன்னுக்கு அப்பாவின் எழுத்து,
கடன் புத்தகத்தில் அவனுடைய எழுத்து.
எங்கே போனாலும் கூட வருகிறது
ஞானமலரின் இந்த ஒன்று மட்டும்.

ஊசி இறங்கியது.
அழகாய்த்தான் ஓடியது, பொய் சொல்லக் கூடாது.
பாதி வளைவில்
குனிந்து பிளக்கைக் கழற்றினேன்.

"ஐயோ! என்னக்கா செய்றீங்க?"

"எங்கட ஒழுங்கையில கறண்ட் சொல்லிட்டுப் போறதில்ல தம்பி."

திரும்பப் போட்டோம்.
ஒரு இசை. ஒரு பூ. நல்வரவு.
எந்த வடிவம் வேண்டும் என்று
என்னை இப்பதான் கண்டதுபோல் கேட்டது.
தலையிலிருந்து தொடங்கி,
தைத்ததன் மேலேயே தைத்து,
ஒரு மயிர் தள்ளிப் போய்
சுருங்கிப் போனது துணி.

மூலையில் இன்னொன்று இருந்தது.
கொள்கலனில் வந்த பழசு,
வெற்றிலைப் பல் நிறம்,
ஸ்கிரீனில் கீறல்.
"அது சத்தம் போடும்" என்றான்.
போட்டது. நெல்லு மெஷின் மாதிரி.
பாதியில் கழற்றினேன்.
இம்முறை றிபாஸ் கத்தவில்லை,
அவனுக்கும் பார்க்க ஆசை.

திரும்பப் போட்டதும்
கொஞ்சம் யோசித்தது.
பிறகு ஒரு எண்: 412.
கீழே ஜப்பான் மொழியில் ஒரு வரி,
அவனுக்கும் விளங்காது எனக்கும் விளங்காது.
பச்சைப் பட்டன் மினுங்கியது, அழுத்தினேன்.
விட்ட துளைக்குப் பக்கத்திலேயே
ஊசி இறங்கியது.

புரட்டிப் பார்த்தேன்.
நின்ற இடத்தில் சின்ன முடிச்சு.
கண்ணுக்குத் தெரியாது,
பெருவிரலுக்குத் தெரியும்.

உத்தரவாதம் இல்லை.
பழுதானால் கொழும்பில் ஒருத்தர் இருக்கிறாராம்.
புதுசை விட நாற்பதாயிரம் குறைவு,
இன்னும் மூவாயிரம் குறைத்தேன்.
வளையல் இரண்டும் ஏற்கெனவே அடகில்.
பஸ்ஸில் மடியில்தான் வைத்திருந்தேன்,
கொண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தான்.

தாண்டவன்வெளி, இரவு ஏழே முக்கால்.
முதல் துவாய், இரண்டாம் எழுத்து.
போனது கறண்ட்.
ஒழுங்கை முழுக்க ஒரே "ஓ".

இருட்டில் இருந்தேன்,
மெஷினின் சூடான கழுத்தில் கை வைத்தபடி.
மரியநேசன் ஓட்டோவைத் திருப்பி
யன்னலுக்குள் வெளிச்சம் அடித்தான்.
மேசையில், எண்ணெய் துடைத்துக் கறுத்த
அந்தப் பாதி ஞ,
தூண்டில் முள் மாதிரி.

"எத்தினையாவது தையல்ல நிக்குது?"
"எனக்கென்ன தெரியும். அதுக்குத் தெரியும்.
லைட்ட நூருங்க,
பற்றரி இறங்கும்."