கடுகளவு

ஹோபர்ட் மாமா வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள்.
கலப்பை ஒருவருக்கு, தேன்பெட்டிகள் ஒருவருக்கு.
சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்த துப்பாக்கியை
யாரும் கேட்கவில்லை.
முப்பது டாலருக்கு என் தலையில் கட்டினார்கள்.

குதிரை அசையாது. விசை அசையாது.
குழல் முழுக்க நரிமுதுகு நிறத்தில் துரு.
டிசம்பரில், வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கென்றே
மேற்கு வர்ஜீனியாவில் ஒரு வாரம் மான் வேட்டை.
அதற்குள் இதைப் பேச வைத்துவிடுவேன் என்று
பள்ளிப் பேருந்துப் பட்டறையில் எல்லோரிடமும்
சொல்லித் தொலைத்துவிட்டேன்.

பதினோரு நாள் மண்ணெண்ணெய் குடித்தது.
பன்னிரண்டாம் நாள் குதிரை ஒரு நெல்லளவு நகர்ந்தது,
பல்வலிக்காரன் வாய் திறப்பதுபோல.

முதலில் கம்பியை விடு, என்றான் ஓக்கி,
கழுவுமுன், சூடு காட்டுமுன், எதற்கும் முன்.
காலிக் குழல் என்றால் அடியில் ணங்கென்று கேட்கும்.
விட்டேன்.
தொப்.
ஈரத்துணிமேல் விழுந்த மாதிரி.

கம்பியை எடுத்து வெளியே குழலோடு ஒட்டி அளந்தேன்.
மூன்று விரல் குறைந்தது.
மறுபடி அளந்தேன்.
மூன்று விரல்.

திருகுமுனையைக் கம்பியில் மாட்டி
குழலை மண்மேட்டுப் பக்கம் திருப்பி
ஒதுங்கி நின்று, மெல்ல மெல்ல இழுத்தேன்.
வெள்ளை பூத்த ஈயக் குண்டு.
அதைச் சுற்றி நீலக்கோடு போட்ட தலையணைத் துணி.
அதற்கும் பின்னால், கட்டி கட்டியாக, மருந்து.
மாமா கெட்டித்ததா, அவர் அப்பாவா,
வராமல் போன எந்த மானுக்கு?
ஒரு சிட்டிகையைத் தகரத்தட்டில் வைத்து
நீளக் குச்சியால் தீ காட்டினேன்.
புஸ்ஸென்று கூரைவரை வெளிச்சம்.
காலாவதித் தேதி இல்லாத மருந்து.

அப்புறம்தான் உட்கார்ந்தேன்,
கவிழ்த்த வாளிமேல்.

எனக்கு ஒன்பது வயது. வெல்டாவுக்கு ஆறு.
நன்றி நாள் விருந்து. பெரியவர்கள் வெளியே
சேற்றில் சிக்கிய லாரியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.
அவள் கரடி, நான் வேட்டைக்காரன்.
சுருள் கேப்பில் ஒரு பொட்டைக் கிழித்து
எச்சில் தொட்டுக் குதிரைக்கடியில் ஒட்டினேன்.
குழலை நாற்காலிமேல் சாய்த்து
இரண்டு கையாலும் விசையை இழுத்தேன்.
பொட்டு வெடித்தது. சின்னப் பொறி.
அவள் ஒழுங்காகச் செத்தாள்,
நாக்கைத் தொங்கவிட்டு.
பிறகு எழுந்து பூசணிக் கேக் கேட்டாள்.

பொறி உள்ளே போகும் வழி ஊசித்துளை.
அதை அடைத்திருந்தது துரு,
கடுகளவு.
நாற்பத்தாறு வருடம் கழித்து
அதைத்தான் பன்னிரண்டு நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரவு ஒஹாயோவுக்கு ஃபோன் செய்தேன்.
அங்கே பனி விழுகிறதா என்றேன்.
பனியைக் கேட்கக் கூப்பிடுகிற ஆளா நீ, என்றாள் வெல்டா.
முழங்கால், மருமகள், நாய்க்கு நடந்த ஆபரேஷன் என்று
நாற்பது நிமிடம் பேசினாள்.
வழக்கமாகப் பாதியில் வைத்துவிடுவேன்.

பிறகு, வேலை வேலைதான்.
வாளித் தண்ணீரில் சலவைச் சோடா,
பழைய ரம்பத் தகடு, பேட்டரி சார்ஜர்.
ராத்திரி முழுக்கக் குமிழி விட்டு
ஓர் இரும்பின் துரு இன்னோர் இரும்புக்குக் குடிபோனது.
கேப்பு மாட்டும் காம்பு புதிது, எட்டு டாலர்.
பழையதைத் தூக்கிப் போடவில்லை,
எங்கே வைத்தேன் என்றும் நினைவில்லை.
வால்நட் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய், ஆறு பூச்சு.

வியாழன் விடியலில் லாரல் புதர்களுக்கு அப்பால்
ஒரு பெண்மான், அறுபது தப்படியில்.
புகை விலகியபோது அங்கே மான் இல்லை.
ரத்தம் இருந்தது. ஓடைவரை கூட்டிப்போனது.
கறியை உப்பிட்டு உலர்த்தி ஒஹாயோவுக்குப் பாதி அனுப்பினேன்.
மிளகு போதவில்லை என்றாள்.

இப்போதெல்லாம் படுக்கப் போகுமுன்
கம்பியைக் குழலுக்குள் விடுகிறேன்.
காலிதான், தெரியும். காலையிலும் விட்டேன்.
ணங்.
இன்னொரு தரம்.
ணங்.