முன்பதிவு

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ். இரவு ஒன்றரை.
பிஸ்கெட் பாக்கெட் சுற்றும் மூன்றாம் லைன்.
பேனல் கதவைத் திறந்தால்
வெந்த தூசியும் வெண்ணெயும் சேர்ந்த வாசனை.
டிரைவின் நெற்றியில் சிவப்பாய் ஓர் எண்: பூஜ்யம் ஏழு.
சொன்ன இடத்தில் மோட்டார் இல்லை என்று பொருள்.
ஏன் இல்லை என்பதை
கேட்கத் தெரிந்தவர் கேட்டால்தான் சொல்லும்.

ஹெப்பார் சாருக்கு அது ஏற்கெனவே தெரியும்.
"மல்லேஷப்பா ஃபிலிமை இழுத்துப் பிடிக்கிறான்.
மெஷின் நின்றால்தானே தூங்கலாம்."
மூன்று நாள் சம்பளம் பிடித்தாகிவிட்டது.

மல்லேஷப்பா ட்ராலியில் சாய்ந்து நிற்கிறார்.
எதுவும் பேசவில்லை.
டீ கொண்டுவந்து வைத்தார்,
கொட்டினாலும் லேப்டாப்பை எட்டாத தூரத்தில்.

நான்கு சேனல்தான் தருகிறது டிரைவ்.
வேகம். இடப்பிழை. பஸ் வோல்டேஜ்.
நான்காவதாகக் கரண்ட், அதை அவருக்காகப் போட்டேன்.
யாராவது கைவைத்தால் முதலில் முனகுவது அதுதான்.

முன்பதிவு எண்பது சதவீதம்.
ரயிலுக்குச் செய்கிற முன்பதிவு இல்லை;
வண்டி கவிழ்ந்த பிறகு எடுக்கிற டிக்கெட்.
ஓயாமல் எழுதும், ஓயாமல் அழிக்கும்,
ஒரு செகண்டுக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளாது.
விழும்போது மட்டும் அழிக்கிற கையை நிறுத்திக்கொள்ளும்.
மிஞ்சுவது
விழுவதற்கு முந்தைய நிமிர்வு.

'காத்திருக்கிறது' என்கிறது திரை.
நானும்தான்.
நிமிடத்துக்கு முந்நூற்றிருபது பிஸ்கெட் போகிறது.
ஓசூர் முதல் பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம்.

இரண்டு நாற்பத்தேழு.
ஒரு விக்கல். நின்றுவிட்டது.
மல்லேஷப்பா இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறார்,
போலீஸ் கேட்டதுபோல.
மாவு படிந்த பத்து விரல்.

இறக்குகிறேன்.
முப்பது சதவீதம், அறுபது. பாட்டரி பதினொன்று.
வந்தது:
கரண்ட் சமதரை. ஒரு மேடு இல்லை.
ஐந்நூற்றறுபதில் நடந்துகொண்டிருந்த வோல்டேஜ்
படி தவறி முந்நூற்றுத் தொண்ணூறுக்கு விழ,
அதன் பிறகே தளர்கிறது வேகம்.
யாரும் எதையும் பிடிக்கவில்லை.
சுவருக்கு அப்பால் பக்கத்து ஃபவுண்ட்ரி
உலையை ஏற்றும் உறுமல்
அப்போதுதான் என் காதில் விழுந்தது.

"ஏனு மேடம், சிக்தா?"
சிக்கியது என்றேன்.
அவர் மொழியில் அது கிடைத்தது.
என் மொழியில் மாட்டிக்கொண்டது.

ரிப்போர்ட்டுக்காகப் பழைய ஃபால்ட் பட்டியலையும் இறக்கினேன்.
ஐந்தே வரி. இரண்டு மாதத் தொல்லைக்கு ஐந்தா?
அடியில் ஒரு குறிப்பு:
பட்டியல் துடைக்கப்பட்டது, பத்தொன்பதாம் தேதி,
மாலை நாலு பன்னிரண்டு. பயனர்: சர்வீஸ் இரண்டு.

சர்வீஸ் இரண்டு நான்தான்.
அன்றைக்கு மழை.
நெரிசலுக்கு முன் சில்க் போர்டைக் கடந்துவிட வேண்டும்.
ரீசெட் செய்தேன், ஓடியது, கையெழுத்து வாங்கினேன்.
எத்தனை வரி இருந்தன என்று எண்ணவில்லை.
வேலை முடிந்த இடத்தைப் பெருக்கிவிட்டுப் போவதாக
நினைப்பு.

காலையில் ஹெப்பார் ஒரு பக்கம் போதும் என்பார்.
கிராஃபை ஒட்டினேன். தனி ஃபீடர் வேண்டும் என்று எழுதினேன்.
'மூன்று நாள் சம்பளம்' என்று தட்டினேன்,
அழித்தேன்,
மறுபடி தட்டினேன்.
அதற்குக் கீழே பத்தொன்பதாம் தேதி.
யார் துடைத்தது என்ற இடத்தில்
சர்வீஸ் இரண்டு என்று எழுதாமல்
பொற்செல்வி என்று.

டீயில் ஆடை கட்டியிருந்தது.
விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தேன்.