ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்

ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு படம்.
கால் மணித்தியாலத்துக்கு ஒன்றாக
அராலிப் பாலத்தடிக் கம்பத்திலிருந்து
கந்தோரில் என் மேசைக்கு வரும்
வழுக்கையாறு.

ஆறென்று சொன்னால் கொழும்பில் சிரிக்கிறார்கள்.
அவர்களிடம் களனி இருக்கிறது, சிரிக்கலாம்.
எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான்,
அதுவும் மாரிக்கு மட்டும்.
தையில் இளைத்து, பங்குனியில் வெடித்து,
பிறகெல்லாம் பேருக்கேற்ற மொட்டை.
கமராவுக்கு அது தெரியாது.
இல்லாத தண்ணீரையும்
தவறாமல் எடுத்து அனுப்புகிறது.

என் வேலை பெயர் வைப்பது.
வரட்சி. சேறு. அளவுப்பலகையில் இரண்டடி.
கண்ணாடியில் சிலந்தி: தடை.
பலகையில் குந்தி எச்சமிட்ட நீர்க்காகம்: தடை.
அந்த முறை ஏழாம் இலக்கம்
மூன்று நாள் ஒன்றாக நின்றது.
மாடு வந்தால் வைத்திருக்கலாம்.
ஆள் வந்தால் அழிக்கவேண்டும்,
முகம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.
அதுதான் விதி. நல்ல விதி.

கம்பம் நட்ட அன்று
வலைக்குப் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி
"இது ஆரைப் பாக்க?" என்றார்கள்.
"ஆத்தைப் பாக்க," என்றார் கிருபைராசா.
ஒருவரும் சிரிக்கவில்லை.
மேலே பார்த்தார்கள்,
பிறகு தங்கள் காலைப் பார்த்தார்கள்.
இந்தப் பக்கம் கம்பத்தில் கண் இருந்தால்
அது ஆற்றுக்காக இருந்ததில்லை.

ஐப்பசியில் முதல் தண்ணீர் வந்ததும்
இருட்டுப் படங்கள் தொடங்கின.
ஐந்தே கால், ஐந்தரை, ஐந்தே முக்கால்.
பழுதென்று எழுதினேன்.
பெருப்பித்தால் நூல் தெரிந்தது, ஒரு பொத்தான்,
கட்டம் போட்ட சேட்டு.
ஆறு மணிக்கு ஆறு திரும்பி வரும்.
படிக்கட்டில் ஈரக் காலடிகள், சிறிதும் பெரிதுமாய்;
தண்ணீரில் ஒரு பிடி சவர்க்கார நுரை.

பொலிசில் சொல்லுவோம் என்றார் பொறியியலாளர்.
நான் அட்டவணையைத் திறந்து
ஐந்துக்குப் பிறகு ஆறுவரை
கமராவைத் தூங்க வைத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்: மின்கலச் சேமிப்பு.
சிவப்பு விளக்கு அணைந்ததை
ஆரோ கண்டிருக்கவேண்டும்.
சேட்டு அதற்குப் பிறகு வரவில்லை.

கார்த்திகை. மூன்று நாள் விடாத மழை.
ஐந்துக்கு நாலடி.
ஆறுக்கு ஏழடி.
இடையில் ஒன்றுமில்லை.
மெல்ல ஏறியதா, ஒரே பாய்ச்சலா,
கதவை எப்போது திறந்திருக்கவேண்டும்
என்று கேட்டார்கள். நவாலியில்
கட்டிலுக்கு மேல் கதிரை வைத்திருந்தார்கள்.
மின்கலச் சேமிப்பு.
அந்த இரண்டு சொல்லை
அன்று நாலு பேரிடம் சொன்னேன்.

ஐந்தாம் நாள் தண்ணீர் வடிந்தபோது
பாலத் தூணின் கறுத்த பாசியில்
வெள்ளையாய் ஒரு கீறல், பக்கத்தில் மூன்று குத்து.
மறுநாள் அதற்குக் கீழே இன்னொன்று, இரண்டு குத்து.
அதற்கும் கீழே ஒன்று, ஒரு குத்து.
கமரா கண்சிமிட்டும் கணக்குத் தெரிந்த ஆரோ
அது தூங்கிய நேரம்
அதன் வேலையைச் செய்திருக்கிறார்.
அல்லது அது என் ஆசை.
மீன் கணக்காய் இருக்கலாம். கடன் கணக்காய்.
அளந்தேன்: நாலே கால், நாலே முக்கால், ஆறரை.
மூன்றாவது கால் மணியில்தான் பாய்ந்திருக்கிறது.

மென்பொருள் கீறலை ஏற்காது.
படமில்லாத அளவு செல்லாது என்று
சிவப்பெழுத்தில் சொல்லும்.
அன்றைய ஆறு மணிப் படத்தை
மறுபடி திறந்தேன்.
மழைக்கம்பி. மங்கல். தூணின் இடது ஓரத்தில்
பாலத்திலிருந்து குனிந்து நீண்ட
முழங்கை மட்டுமான ஒரு கை,
நனைந்து ஒட்டிய கட்டம் போட்ட துணி,
விரலுக்குள் ஏதோ மினுக்கம்.

ஆள் வந்தால் அழிக்கவேண்டும்.
ஒரு கை ஆளா?

சுட்டி
அழி, வைத்திரு இரண்டுக்கும் நடுவே
பத்து நிமிடம் நின்றது.
கிருபைராசா தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனார்.
பிறகு
பெயர் என்ற கட்டத்தில் தட்டினேன்:
ஆறு.